நடுவில் மட்டும் உருகிய ஃபில்டர்

உருகும் பொருள் என்றால் பஞ்சுவுக்கு ஐஸ்கிரீமைத்தான் தெரியும். இரும்பு உறைக்குள் இருக்கும் பீங்கான்கூட உருகும் என்பதை அவன் அன்றைக்குத்தான் பார்த்தான். பழங்காநத்தத்தில், தகரக் கூரை போட்ட அந்தப் பட்டறையின் மேஜைமேல், அப்படிக் கெட்டுப்போன மூன்று வேன் ஃபில்டர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"தொட்டுடாதே பஞ்சு" என்றாள் பாண்டிமீனா.

"தொடுறதா? பார்த்ததுக்கே என் காலர் கறுத்துப்போச்சுக்கா."

பாண்டிமீனா பல வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக மோதிய வண்டிகளைச் சோதித்தவள். எந்த வண்டி தானாகக் கவிழ்ந்தது, எதைக் கவிழ்த்தார்கள் என்று டயரைப் பார்த்தே சொல்லுவாள். அந்த வேலையை விட்டுவிட்டு, ஒரு புரோட்டாக் கடையின் மாடியில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறாள். பஞ்சாபகேசன் என்கிற பஞ்சு அவளுடைய ஒரே உதவியாளன். யாரும் கேட்காத இடத்தில் கருத்துச் சொல்வது அவன் சம்பளமில்லாமல் செய்கிற வேலை.

"முதல்லேருந்து சொல்லும்மா" என்றாள் பாண்டிமீனா, பட்டறைக்காரி சத்யப்ரியாவிடம்.

சத்யப்ரியா முப்பதைத் தாண்டாதவள். மெக்கானிக்கல் படித்துவிட்டு, கடன் வாங்கி, இந்தப் பட்டறையைப் போட்டிருந்தாள். நேற்றிரவு தூங்காத கண்கள்.

"புது டீசல் வண்டி எல்லாத்துலயும் புகைக் குழாய்க்குள்ள இந்த ஃபில்டர் இருக்கும்க்கா. உள்ள தேன்கூடு மாதிரி பீங்கான். புகையில வர்ற கரிய அது பிடிச்சு வச்சுக்கும். கரி ரொம்ப அடைச்சுக்கிட்டா எங்கிட்டக் கழட்டிட்டு வருவாக. காத்தடிச்சுத் தளர்ந்த கரியை வெளியேத்திட்டு, மிச்சத்தை இந்த கரண்ட் அடுப்புல வச்சு எரிச்செடுப்போம். சூட்டைப் பால் காய்ச்சுற மாதிரி மெதுவா ஏத்தணும். பொங்க விட்டா பீங்கான் போச்சு."

"மூணு தடவை பொங்கிருச்சு."

"ஆமாக்கா. மூணுமே அழகர்கோவில் வேன் ஸ்டாண்டு வண்டிங்க. எனக்கு வர்ற வேலையில பாதி அவுகளோடது. ஸ்டாண்டுத் தலைவர் விருமாண்டி அண்ணன் கடைசியா ஒரு ஃபில்டர் அனுப்புறேன்னு சொல்லியிருக்காரு. இன்னிக்கு மத்தியானம் வரும். அது முழுசா வெளிய வந்தா எங்கிட்டயே இருப்பாக. இல்லேன்னா சாயங்காலக் கூட்டத்துல முடிவு பண்ணி, எல்லா வண்டியையும் ரிங் ரோட்டுல புதுசா வந்திருக்கிற பட்டறைக்குக் கொண்டுபோயிருவாக." அவள் குரல் இறங்கியது. "போனா இந்த அடுப்பைப் பழைய இரும்புக்குத்தான் போடணும்."

அடுப்புக்குப் பக்கத்தில் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றான் மருது. அடுப்பைப் பார்த்துக்கொள்கிறவன் அவன்தான். பல்லையும் கண்ணையும் தவிர மற்றதெல்லாம் கரி.

"ரிங் ரோட்டுக்காரன் காசு குடுத்து நான்தான் சூட்டைக் கூட்டிட்டேன்னு வேன்காரங்க பேசிக்கிறாங்க" என்றான் மருது, யாரும் கேட்காமலே. "எவன் குடுத்தான், எம்புட்டுக் குடுத்தான்னு அவுங்களே சொல்லட்டும். நானும் தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"எனக்கும் ரிங் ரோட்டு மேலதான் சந்தேகம்" என்றான் பஞ்சு. "புதுசா கடை போட்டவன், பக்கத்துக் கடையைக் கெடுக்கிறான். உலக வழக்கம். கேஸ் முடிஞ்சதுக்கா, சாப்பிடப் போலாமா?"

பாண்டிமீனா டார்ச்சை எடுத்து முதல் ஃபில்டருக்குள் அடித்தாள். ஓரமெல்லாம் கட்டம் கட்டமாகச் சுத்தமாயிருந்தது. நட்ட நடுவில் மட்டும் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு குழி. இரண்டாவதிலும் அப்படியே நடுவில்தான், ஆனால் எலுமிச்சம்பழம் அளவு. மூன்றாவதைப் பார்த்ததும் பஞ்சுவே விசில் அடித்துவிட்டான். தேங்காய் மூடியைக் கவிழ்த்து வைக்கிற அளவுக்குப் பள்ளம்.

"மருது, ஒரு தடவைக்கு அடுப்புல எத்தனை வைப்பே?"

"நாலு வைப்பேன்க்கா."

"மத்த மூணும்?"

"ஒண்ணும் ஆகலை. பூ மாதிரி வெளிய வந்துச்சு. மூணு தடவையும் ஸ்டாண்டுக்காரங்களோடது மட்டும்தான் போச்சு."

பாண்டிமீனா பஞ்சுவின் பக்கம் திரும்பினாள். "ஒரே இட்லிச் சட்டி. ஒரே ஆவி. மூணு இட்லி வெந்து, ஒரு இட்லி மட்டும் கருகுமா?"

"எங்க வீட்டுல கருகும். எங்க அண்ணி கைராசி அப்படி."

"அடுப்புல சூடு கூடியிருந்தா நாலும் போயிருக்கணும்டா. அதுவும் ஓரத்துலேருந்து ஆரம்பிச்சிருக்கும். இது நடுவுல ஆரம்பிச்சிருக்கு. நெருப்பு அடுப்புல இல்லை. ஃபில்டருக்குள்ளேயே இருந்திருக்கு."

மருது நிமிர்ந்து நின்றான். கட்டியிருந்த கை தானாக அவிழ்ந்தது.

"இன்னொண்ணு கேக்குறேன். இந்த மூணுலயும் காத்தடிச்சப்ப கரி எப்படி வந்துச்சு?"

மருது யோசித்தான். "கொஞ்சமாத்தான்க்கா வந்துச்சு. மத்ததுல அடிச்சா போகிப் பண்டிகை மாதிரி எழும்பும். இது மூணுலயும் அமுக்கமா இருந்துச்சு. வண்டிக்காரரு நல்லாப் பராமரிக்கிறாரு போலன்னு நெனச்சேன்."

"பராமரிக்கிறாருதான்" என்றாள் பாண்டிமீனா. அதற்கு என்ன அர்த்தம் என்று பஞ்சுவுக்கு அப்போது புரியவில்லை.

*

பட்டறையின் சுவரை ஒட்டியே தங்கப்பொண்ணுவின் டீக்கடை. மருதுவை அடுப்போடு விட்டுவிட்டு மூன்று பேரும் அங்கே போய் நின்றார்கள். பஞ்சு செல்போனில் டீக்குக் காசு அனுப்பிக்கொண்டிருந்தபோது, பாண்டிமீனா சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்:

"பக்கத்துல கரியை எரிக்கிறாங்களே, உங்களுக்கு நாத்தம் அடிக்கலையா?"

"அதெல்லாம் பழகிருச்சு தாயி. குழாய் வச்சு மேல விட்டுடுறாக. ஆனா சில நாளு மட்டும் ஒரு வாசம் வரும் பாருங்க!" தங்கப்பொண்ணு பால் கரண்டியோடு கையை விரித்தாள். "கோயில்ல நடை சாத்துறப்ப விளக்கை அமத்துவாகளே, அந்தத் திரி வாசம். அடுப்புக்குப் பூசை போடுறாக போலன்னு நானும் கன்னத்துல போட்டுக்கிட்டேன்."

"எந்த நாள்ல எல்லாம்?"

"அதான், இந்தப் புள்ள தலையில கை வச்சு உக்காந்திருந்துச்சே, அந்த நாள்ல எல்லாம்."

சத்யப்ரியா டீயைக் கீழே வைத்தாள்.

பாண்டிமீனா மீதி டீயை ஒரே மடக்கில் குடித்தாள். அவள் அப்படிக் குடித்தால் கார் சாவியைத் தேட வேண்டும் என்பது பஞ்சுவுக்குத் தெரியும்.

"அழகர்கோவிலுக்கு விடு."

*

பாண்டிமீனாவின் ஆம்னி வேன் கோரிப்பாளையம் நெரிசலைத் தாண்டி அழகர்கோவில் ரோட்டைப் பிடித்தது. பின் சீட்டில் சத்யப்ரியா நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"எண்ணெய்" என்றாள் பாண்டிமீனா. "யாரோ ஃபில்டர் நடுவுல எண்ணெய் ஊத்தியிருக்காங்க. கரி எண்ணெயைக் குடிச்சுக் களியாயிருச்சு. அதான் காத்தடிச்சாலும் பறக்கலை. அடுப்புல சூடு ஏறுனதும் அந்த இடம் மட்டும் திகுதிகுன்னு பிடிச்சிருக்கு. பஞ்சு, மருதுவுக்குச் சொல்லிடு. இன்னிக்கு வர்ற ஃபில்டரை அடுப்புல ஏத்தக் கூடாது."

பஞ்சு ஒரு கையால் வண்டியை ஓரங்கட்டி, மறு கையால் போனை எடுத்துப் பேசிவிட்டு வைத்தான்.

"அப்ப நான் சொன்னதுதானே! ரிங் ரோட்டுக்காரன் ஆள் வச்சு ஊத்தியிருக்கான்."

"மூணு குழியையும் பார்த்தியா?"

"பார்த்தேன். நெல்லிக்காய், எலுமிச்சம்பழம், தேங்காய். அடுத்தது பூசணிக்காய்."

"ஏன் பெருசாயிக்கிட்டே போகுது?"

பஞ்சு வண்டியை மறுபடி ரோட்டில் ஏற்றினான்.

"முதல் தடவையே ஃபில்டர் கெட்டுப்போச்சு. கெடுக்கணும்னு நினைக்கிறவனுக்கு அந்த அளவு போதும். அதையே திரும்ப ஊத்துவான். ஆனா இங்கே ஒவ்வொரு தடவையும் அளவு கூடுது. விஷம் வைக்கிறவன் அளவைக் கூட்ட மாட்டான்டா. யாரு கூட்டுவா?"

பின் சீட்டிலிருந்து சத்யப்ரியா மெல்லச் சொன்னாள்: "மருந்து குடுக்குறவுக."

"நோய் தீரலைன்னா டோஸைக் கூட்டுவாங்க" என்றாள் பாண்டிமீனா. "நாம தேடுறது எதிரியை இல்லை. அந்த வண்டிங்க மேல உசிரா இருக்கிற ஒரு ஆளை."

"இது என்னக்கா புதுசா இருக்கு? குற்றவாளிக்கு அன்புதான் காரணம்னா, நாம எந்த முகத்தை வச்சுக்கிட்டு மிரட்டுறது?"

*

மலை அடிவாரத்தில், புளியமரங்களின் நிழலில், வேன்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கண்ணாடியிலும் சந்தனம், மாலை, எலுமிச்சம்பழம். கோவிலுக்கு வந்த கூட்டத்திலிருந்து தப்பித்த குரங்கு ஒன்று, ஒரு வேனின் கூரையில் தேங்காய்ச் சில்லோடு உட்கார்ந்திருந்தது.

மரத்தடிக் கட்டிலில் சாய்ந்திருந்தார் விருமாண்டி. முறுக்கு மீசை. வெயிலில் பளபளக்கும் வழுக்கை. சத்யப்ரியாவைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"என்னத்தா, கூட்டத்துக்கு நேரம் கிடக்கே? அதுக்குள்ள வக்கீலைக் கூட்டிக்கிட்டு வந்துட்டியாக்கும்?"

"வக்கீல் இல்லைண்ணே. இவுக பாண்டிமீனா அக்கா. துப்பறியிறவுக."

"துப்பறிஞ்சு என்ன ஆகப்போகுது? மூணு வண்டி, மூணு புள்ள மாதிரி. நல்லா இருந்ததைக் குடுத்தேன், ஓட்டை போட்டுக் குடுத்த. உன் மேல எனக்கு என்ன பகையா? நீயும் நம்ம ஊர்ப் புள்ளைதான. ஆனா ஊருக்கு ஒரு நியாயம் சொல்லணும்ல?"

"சரியாச் சொன்னீங்கண்ணே" என்று பாண்டிமீனா கட்டிலுக்கு எதிரே கிடந்த டயர்மேல் உட்கார்ந்தாள். அவள் பார்வை அவருடைய காலில் நின்றது. பஞ்சுவும் பார்த்தான். கால் என்றால் கால்தான், அதில் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தோன்றியது. உள்ளங்கால் கொஞ்சம் மினுங்கியது, அவ்வளவுதான்.

"இன்னிக்கு ஒரு ஃபில்டர் அனுப்பினீங்களாமே?"

"லோடு ஆட்டோவுல ஏத்தி விட்டேன். இந்நேரம் போய் இறங்கியிருக்கும்."

"நல்லதுண்ணே. இந்தத் தடவை ரொம்பக் கவனமாப் பண்றோம். வந்த உடனே உள்ளேயும் வெளியேயும் துணியை விட்டுச் சுத்தமாத் துடைச்சுட்டு, காய வச்சுத்தான் அடுப்புல…"

"துடைக்கவா!" விருமாண்டி கட்டிலிலிருந்து துள்ளி இறங்கினார். "ஏத்தா, உனக்குப் புத்தி இருக்கா? துடைச்சா உள்ள இருக்கிற குளிர்ச்சி பூராம் போயிரும்ல!"

குரங்குகூட மெல்லுவதை நிறுத்தியது.

"எந்தக் குளிர்ச்சிண்ணே?" என்றாள் பாண்டிமீனா, மிக மெதுவாக.

விருமாண்டி சுற்றிலும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார். மறைக்கிற குரல் இல்லை, கைவைத்தியம் சொல்கிற குரல்.

"போன மாசம் கொட்டாம்பட்டி பக்கம் சவாரி போனேன். நெல்லு உதிர வண்டி மிதிக்கட்டும்னு ரோட்டுல வைக்கோலைப் பரப்பியிருந்தாக. அதுமேல நிறுத்திட்டு டீ குடிக்கப் போனா, அடியில குபுகுபுன்னு புகை! குனிஞ்சு பாத்தா இந்த ஃபில்டரு கொதியாக் கொதிக்குது. அன்னிக்குப் பிடிச்ச பயம் தாயி. மனுசனுக்குச் சூடு பிடிச்சா என்ன செய்றோம்? உச்சந்தலையிலயும் உள்ளங்கால்லயும் விளக்கெண்ணெய். வயித்துச் சூடுன்னா தொப்புள்ல ஒரு சொட்டு. வண்டியும் வாயில்லாச் சீவன்தான? அடுப்புல வேற வைக்கப் போறாக, தாங்குமா? அதான் அனுப்புறதுக்கு முன்னாடி கொஞ்சம் எண்ணெய் விட்டேன்."

"ஃபில்டருக்குத் தொப்புள் எங்கண்ணே இருக்கு?" என்றான் பஞ்சு.

"நட்ட நடுவுல ஊத்துனேன் மாப்ள."

சத்யப்ரியா முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பஞ்சுவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

"முதல்ல ஒரு கரண்டி விட்டேன். அப்படியும் இந்தப் புள்ள உருக்கிருச்சு. அடுத்து ஒரு டம்ளர். அதுக்கும் கேக்கலை. மூணாவதுக்கு அரை பாட்டிலு. எம்புட்டு ஊத்துனாலும் சூட்டைக் கூட்டிக்கிட்டே போனா நான் என்னதான் செய்ய?"

"இன்னிக்கு அனுப்பினதுக்கு?" பாண்டிமீனா எழுந்துவிட்டாள்.

விருமாண்டி மீசையை நீவினார். "இதுதான் கடைசி, இந்தப் புள்ள எப்படியாச்சும் பொழைக்கட்டும்னு முழு பாட்டிலையும் கவுத்துட்டேன். ராத்திரி பூராம் ஊறவச்சு, வெளிய ஒரு சொட்டுக்கூட இல்லாமத் துடைச்சுல்ல அனுப்பியிருக்கேன்!"

"பஞ்சு, மருதுகிட்ட நேர்ல பேசினியா?"

"மெசேஜ் போட்டேன்க்கா. குரல்லயே விளக்கமா…" பஞ்சு போனைப் பார்த்தான். "ஒரு டிக்குதான் விழுந்திருக்கு."

"அடுப்புகிட்டப் போனா போனை அணைச்சு பீரோவுல வச்சிருவான்க்கா!" சத்யப்ரியா அலறினாள். "இந்நேரம் ஏத்தியிருப்பான்!"

*

சில சமயம் பஞ்சுவின் மூளை அவன் வாயைவிட வேகமாக ஓடும். டீக்குக் காசு அனுப்பிய எண் போனிலேயே இருந்தது. அழுத்தினான்.

"அக்கா, நான்தான், காலையில சர்க்கரை கம்மியா மூணு டீ! போனைக் காதுல வச்சுக்கிட்டே பட்டறைக்குள்ள ஓடுங்க!"

"பாலு பொங்குது தம்பி."

"பொங்கட்டும்க்கா! அங்கே பொங்குனா பட்டறையே போச்சு!"

தங்கப்பொண்ணு ஓடுகிற சத்தம். செருப்புச் சத்தம். கம்பிரசர் இரைச்சல். பாண்டிமீனா போனைப் பிடுங்கி சத்யப்ரியாவின் கையில் கொடுத்தாள்.

"அக்கா, மருதுகிட்டச் சொல்லுங்க! கரண்டை அணைக்கணும். காத்து போற வழிய அடைக்கணும். கதவை மட்டும் திறக்கவே கூடாது!"

"கரண்டை அமத்துடா! காத்தை அடைடா! கதவைத் தொட்டே, கையை ஒடிச்சிருவேன்!" என்று தங்கப்பொண்ணு கத்தியது ஸ்டாண்டு முழுக்கக் கேட்டது.

சத்யப்ரியா கண்ணை மூடிக்கொண்டாள். அந்தப் பக்கம் என்னவோ உருண்டது. இரைச்சல் நின்றது.

பிறகு மருதுவின் குரல் வந்தது. "அணைச்சுட்டேன்க்கா. இப்பத்தான் ஏத்துனேன். சூட்டு முள்ளு இருநூறைக்கூடத் தொடலை. எதுக்குக் கதவைத் திறக்கக் கூடாது?"

"உள்ள எண்ணெய் இருக்குடா. புதுக் காத்துப் பட்டா பிடிச்சுக்கும். தானா ஆறட்டும். நாங்க வாரோம்."

அவள் போனை இறக்கியபோது, விருமாண்டி மடித்துக் கட்டிய வேட்டியைக் கீழே இறக்கிவிட்டு நின்றார்.

"தாயி… எண்ணெய்தான் எரிச்சுச்சா?"

"ஆமாண்ணே."

"மூணையுமா?"

சத்யப்ரியா தலையை அசைத்தாள். அவர் சட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நேராக ஆம்னியில் ஏறி உட்கார்ந்தார். "விடு மாப்ள. என் கண்ணால பாக்கணும்."

*

பட்டறையில் அடுப்பு ஆறுகிறவரை யாரும் உட்காரவில்லை. விருமாண்டி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவரைப்போல முன்னும் பின்னும் நடந்தார். வெளியே வெயில் தாழ்ந்து, தெருவிளக்கு எரிய ஆரம்பித்தபோதுதான் மருது கதவைத் திறந்தான்.

ஃபில்டரை வெளியே எடுத்து வைத்தான். பாண்டிமீனா டார்ச்சைச் சத்யப்ரியாவிடமே கொடுத்தாள்.

அவள் குனிந்து பார்த்தாள். நடுவில் கறுப்புக் களி. விரலால் ஓர் ஓரத்தை வழித்தாள். களிக்குக் கீழே கட்டம் கட்டமாகப் பீங்கான். அடுத்த இடத்தை வழித்தாள். அங்கேயும் முழுசு.

"ஒரு கீறல்கூட இல்லை" என்றாள். "எண்ணெயைக் கரைச்சுக் கழுவி, நல்லாக் காய வச்சு, அப்பறம் மெதுவாச் சூடேத்துனா நாளைக்கே முழுசாக் குடுத்துருவேன். இனிமே எந்த ஃபில்டர் வந்தாலும் எடை போட்டு, மோந்து பாத்துட்டுத்தான் அடுப்புல ஏத்துவேன்."

விருமாண்டி ஸ்டாண்டுக்குப் போன் போட்டார். அவருக்கு ரகசியம் பேசத் தெரியாது. பழங்காநத்தமே கேட்டது.

"டேய், கூட்டமெல்லாம் கிடையாது, கலைஞ்சு போங்க! மூணு ஃபில்டரையும் கெடுத்தது நான்தான். ஆமாடா, நான்தான்! எப்படின்னு கேக்காத, நேர்ல வந்து சொல்லுறேன், அப்பறம் சிரிங்க. மூணுக்கும் நானே பொறுப்பு. நம்ம வண்டி பூராம் இந்தப் புள்ளைகிட்டத்தான் வரும். ரிங் ரோட்டுப் பக்கம் எவன் வண்டியாச்சும் போச்சு, சாவியைப் பிடுங்கிருவேன்!"

போனை வைத்துவிட்டு மருதுவின் முன்னால் போய் நின்றார். அவன் தோளில் ஓங்கித் தட்டினார். தட்டிய கை கறுத்தது. அதை அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"அப்ப வண்டிச் சூட்டுக்கு நான் என்னதான் செய்யணும் தாயி?"

"ஓடுறப்ப வண்டியே கரியை எரிச்சுக்கும்ணே. அந்த நேரம் பார்த்து நடுவுல அணைச்சுடாதீங்க. வைக்கோல் மேல நிறுத்தாதீங்க. மத்ததை நாங்க பாத்துக்கிறோம்."

"அம்புட்டுத்தானா?" விருமாண்டிக்கு மனசே ஆறவில்லை. ஃபில்டரையும் அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தார். "எண்ணெய்தான் ஆகாது, சரி. கொஞ்சம் மோராச்சும்…?"

பஞ்சு வாயைத் திறப்பதற்குள் மருது முந்திக்கொண்டான்.

"மோரை எனக்குக் குடுங்கண்ணே. இந்த அடுப்பு முன்னாடி நாளெல்லாம் நிக்கிறவன் நான்தான்."